துரை எடுத்த வெற்றிலை

துரையின் கை தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

பித்தளைத் தட்டு. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். அதில் தண்ணீர் தெளித்த கொழுந்து வெற்றிலை, ஓரத்தில் நாலு கொட்டைப்பாக்கு. கீழக்குயில்குடியில், சமணமலை அடிவாரத்துக் குளக்கரையில், ஆலமரத்தடியில் கேம்ப் போட்டிருந்தோம். காலை பத்து மணிக்கே பாறை சூடேறி அனல் அடித்தது. எதிரே முப்பது பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட இருமவில்லை.

"இது என்ன?" என்று வெள்ளைக்காரத் துரை, மொழிபெயர்ப்பாளனான என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"மரியாதைக்காக வைத்திருக்கிறார்கள், ஐயா" என்றேன்.

அவர் ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பு கிள்ள வேண்டும், சுண்ணாம்பு தடவ வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. அப்படியே மடித்து வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. ஆனாலும் சிரித்தார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். எனக்கு அது நன்றாகக் கேட்டது.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் ஒரு காரியத்தைக் கேட்டு, ஒருவர் முன்னால் வெற்றிலைத் தட்டை வைக்கும். சம்மதமில்லை என்றால் அவர் தட்டைத் தொடாமல் கும்பிட்டுவிட்டு எழுந்துபோகலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துவிட்டால் வாக்கு கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. எழுத்தும் கையெழுத்தும் தேவையில்லை.

இது எனக்குத் தெரியும். அந்த மரத்தடியில் இருந்தவர்களில் துரை ஒருவருக்குத்தான் தெரியாது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக வைகை வெள்ளம், கோர்ட்டுக் கச்சேரிக் கூத்து, டவாலிச் சேவகர்களின் சண்டை என்று வாய்க்கு ருசியானதை எல்லாம் எழுதி வந்தேன். இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இனியும் தள்ள முடியாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லோருக்கும் என் மேல் ஒரு கண்

நான் சந்தேகப் பிராணி. பால்காரர் முதல் பத்திரிகை ஆசிரியர் வரை யாரையும் நம்ப மாட்டேன். இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் பாதியை ஆசிரியரே எழுதுகிறாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என்னை எல்லோரும் சந்தேகப்பட்டதிலிருந்து வந்தது என்பேன்.

அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. அவருக்கு மதுரைத் தெற்குவாசலில் குடை ரிப்பேர் கடை. மகன் நாலு எழுத்து இங்கிலீஷ் படிக்கட்டும் என்று பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரே அவர்தான். சேர்த்த நாள் முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று. பையன் வேதத்தில் விழுந்துவிடுவானோ என்று பயம். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லிக் கழுத்தைப் பார்ப்பார். சிலுவை கிலுவை தொங்குகிறதா என்று. அப்புறம்தான் சோறு.

பள்ளிக்கூடத்தில் பாதிரியாருக்கு வேறு சந்தேகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தொழப் போகிறேனா, இல்லை ஊர் சுற்றப் போகிறேனா என்று ஆள் விட்டுப் பார்ப்பார். உள்ளதைச் சொன்னால் சில வெள்ளிக்கிழமைகளில் இரண்டும்தான்.

படித்து முடித்ததும் ஜாயின்ட் மாஜிஸ்திரேட் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அப்புறம் கேட்க வேண்டாம். தெருவில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். "மெதுவாப் பேசுங்கப்பா, தொரை காது வருது" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். கச்சேரியில் வெள்ளைக்காரர்களுக்கோ, நான் துருக்கித் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் ஒரு சந்தேகம், கழற்றாமல் உட்கார்ந்தால் இன்னொரு சந்தேகம்.

வீட்டில் என் மனைவி இருந்தாள். அவளுக்கு என் இங்கிலீஷ் மேல்தான் சந்தேகம். "நீங்க சொல்றதுதான் அவன் சொன்னதுன்னு யாரு பாத்தா?" என்பாள். இதே கேள்வியைத்தான் துரையும் கேட்டார். அவர் அதைத் தீக்குச்சியால் கேட்டார்.

தீக்குச்சிகள்

இந்தத் துரை சின்ன வயதுக்காரர். வெயிலில் காது இரண்டும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்துவிடும். தினமும் கொய்னா மாத்திரை விழுங்குவார். கை நீட்டமாட்டார், அடிக்கமாட்டார், குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரமாட்டார். நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இந்தச் சங்கடம் இருந்திருக்காது.

தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். அச்சடித்த தமிழ் அவருக்குப் புரியும். மனுஷர்கள் பேசுகிற தமிழ் புரியாது. சாட்சி பேச ஆரம்பித்தால் அவருக்கு நாலு வார்த்தை பிடிபடும், நாற்பது வார்த்தை ஓடிப்போகும். ஓடிப்போனதை எல்லாம் நான்தான் விழுங்குகிறேன் என்று நினைத்தார்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். மேஜையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். சாட்சி ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு குச்சியை எடுத்து வைப்பார். நான் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு குச்சியைப் பெட்டிக்குள் போடுவார். கடைசியில் மேஜையில் ஏழு குச்சி கிடந்தால் என்னைப் பார்ப்பார்.

"மற்ற ஏழு எங்கே?"

எங்கே என்று நான் எப்படிச் சொல்வது? நம் ஆட்கள் சொன்னதையே மூன்று தடவை சொல்வார்கள். நடுவில் கருப்பசாமியைக் கூப்பிடுவார்கள். பெற்ற பிள்ளை மேல் ஆணை வைப்பார்கள். செத்துப்போன பாட்டன் எப்பேர்ப்பட்ட யோக்கியன் என்று சொல்வார்கள். அதை எல்லாம் பிழிந்து சாற்றை மட்டும் கொடுப்பதுதான் எங்கள் தொழில் என்று நான் பழகியிருந்தேன். குச்சி வந்த பிறகு ஒரே விஷயத்தை நானும் நாலு வாக்கியமாக உடைத்துச் சொல்லப் பழகிக்கொண்டேன். குச்சியும் சரியாக வந்தது, துரையும் சமாதானமானார்.

கிராமத்துக்காரர்களும் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களிடம் தீப்பெட்டி இல்லை, அவ்வளவுதான். "நாங்க அம்புட்டுப் பேசுனோம். நீங்க இம்புட்டுல முடிச்சுப்புட்டீங்களே சாயபு" என்று கச்சேரிப் படியில் மறித்துக் கேட்பார்கள். துரைக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் மேல் இருந்த சந்தேகம்தான்.

ஒச்சப்பன் கேட்டது

அப்போது கைரேகைச் சட்டம் அமலில் இருந்தது. சில ஊர்களில் ஆண்பிள்ளை என்று பிறந்தாலே போதும், விரல் ரேகையை எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பட்டியலில் இருப்பவர்கள் பொழுது சாய்ந்ததும் போலீஸ் சாவடிக்குப் போய் அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு என்று ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் அடுத்த ஊரில் பிடிபட்டால் ஜெயில்.

ஒச்சப்பன் அந்தப் பட்டியலில் இருந்தவர். ஐம்பது வயது இருக்கும். கிணறு வெட்டுகிற வேலை. ஒரு தடவைகூட எந்தத் திருட்டிலும் மாட்டியதில்லை. அதுவே போலீசுக்குப் பெரிய சந்தேகம். இம்புட்டு நாள் மாட்டாதவன் எம்புட்டுக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று ஏட்டு என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பக்கத்து ஆட்களும் எங்கள் ஆட்களும் மாமன், மாப்பிள்ளை என்று முறை சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒச்சப்பன் எனக்கு மாமா. நான் அவருக்கு மாப்ள.

அவருக்கு ஒரே தங்கை. அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து மூன்றாவதாகப் பிழைத்த பெண்குழந்தை. அதற்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். அவர் வராவிட்டால் காரியம் நடக்காது. புகுந்த வீட்டில் தங்கச்சி தலை நிமிர முடியாது. இரண்டு ராத்திரி அங்கே தங்க அனுமதி வேண்டும் என்பதுதான் விண்ணப்பம். தனக்காக ஊரையே அழைத்துக்கொண்டு வந்து அந்த ஆலமரத்தடியில் நின்றார்.

நான் அவர் கேட்டதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன். குச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகுதான் தட்டு வந்தது.

நான் ஏன் அந்த வழக்கத்தைத் துரையிடம் சொல்லவில்லை? அப்போது பல காரணம் சொல்லிக்கொண்டேன். வெயில், பசி, விளக்கப்போனால் அரைமணி நேரம் ஆகும், எப்படியும் துரை அனுமதி கொடுக்கத்தான் போகிறார். இதெல்லாம் மேல்பூச்சு. உண்மைக் காரணம் வேறு. நான் சொல்லியிருந்தால் துரை தட்டைத் தொட்டிருக்க மாட்டார். ஊர் முகம் வாடியிருக்கும். இரண்டு பக்கமும் என்னை முறைத்திருக்கும். ஒரு நாளாவது இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். சிரித்தார்கள். துரை என் தோளில் தட்டி, "நல்ல ஜனங்கள்" என்றார்.

வாசலில் வந்து நின்றார்

காது குத்துக்கு முதல் நாள் காலையில் ஒச்சப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் ஒரு கடகப்பெட்டி. பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், குழந்தைக்குச் சிவப்புப் பட்டுச் சிற்றாடை. இடுப்பு முடிச்சைக் கையால் தொட்டுக் காட்டி, "தோடு இங்கன இருக்கு" என்றார்.

"மாப்ள, அவனியாபுரம் போறேன். போற வழில ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

"சீட்டு வந்திருச்சா மாமா?"

"சீட்டு வரல. அது கெடக்கு கழுத, பின்னால வரும். தொரைதான் ஊரு பாக்க வெத்தல எடுத்துட்டாருல்ல? எடுத்த மனுசன் மாறுவாரா?"

விண்ணப்பத்தின் மேல் போலீஸ் அறிக்கை கேட்டுத் துரை எழுதியிருந்தார். அறிக்கை வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? "நம்பத் தகாதவன்" என்று இல்லாத போலீஸ் அறிக்கையை நான் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் துரை அந்த மனுக் கட்டை எடுத்துப் படித்துவிட்டு ஏதோ எழுதி மூடியதைப் பார்த்தேன். என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். மேஜை எனக்கு நாலடி தூரம்தான். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதற்காகவே பார்க்கவில்லை.

பால்காரரைச் சந்தேகப்படுகிற நான், பத்திரிகை ஆசிரியரைச் சந்தேகப்படுகிற நான், அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒரு நாள் பொறுங்க மாமா, கச்சேரிக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர், "ஏன், தொரை எடுத்தாருல்ல?" என்று கேட்பார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

"பாத்துப் போய்ட்டு வாங்க மாமா" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினாள். அண்ணாந்து குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் நின்று பார்த்தேன்.

கச்சேரிக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கட்டில் இருந்த உத்தரவைத் தமிழில் எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். "மனு நிராகரிக்கப்பட்டது." இரண்டே வார்த்தை. எழுதி முடித்து மையொற்றினேன்.

அப்போதாவது நான் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவனியாபுரத்துக்கு ஓடியிருக்கலாம். என்ன சொல்லி லீவு கேட்பது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பந்தலில் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, சிவப்புச் சிற்றாடை கட்டியிருந்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்துக் காதுமடலைப் பிடித்த நேரத்தில் போலீஸ்காரர்கள் இருவர் வந்து ஒச்சப்பனிடம் சீட்டு கேட்டார்கள். அவர், "தொரை வெத்தல எடுத்திருக்காரு" என்றாராம். குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு அவரைக் கூட்டிப்போனார்கள். காது குத்து அப்படியே நின்றது.

கூண்டில்

அதே துரையிடம்தான் வழக்கு வந்தது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஊர் ஜனம் வராந்தாவில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒச்சப்பனின் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஜன்னலில் நின்றாள்.

அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போனது உண்மையா என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

ஒச்சப்பன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். கருப்பசாமியைக் கூப்பிடவில்லை. பாட்டனைப் பற்றிப் பேசவில்லை.

"போனது உண்மைதான் சாமி. தப்பிச்சுப் போகல. எங்க ஊரு கூடி ஒங்க முன்னால தட்டு வெச்சோம். நீங்க வெத்தல எடுத்தீங்க. எடுத்தா அது வாக்கு. அந்த வாக்க நம்பித்தான் போனேன். சாயபு பக்கத்துலதான் நின்னாரு. அவரைக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்."

துரை குச்சிகளை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சாயபுவைக் கேளுங்கள் என்பதையும் சாயபுதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். என் வேலையில் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன்னால் என்னிடம் வந்ததில்லை. அதை விட்டுவிடலாம். ஒரு குச்சி மிஞ்சும். 'கடவுள் பெயரைச் சொன்னான்' என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

ஜன்னலில் அந்தக் குழந்தை என்னையே பார்த்தது. மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒச்சப்பன் சொன்னது ஒன்றுவிடாமல். அதற்கு மேலே நானாகவும் சொன்னேன். வெற்றிலை எடுப்பது அந்த ஊரில் வாக்குக் கொடுப்பது, அது எனக்குத் தெரியும், நீங்கள் கேட்டபோது மரியாதை என்று மட்டும் சொல்லி மறைத்தேன், தவறு இவர் மேல் இல்லை, என் மேல். பேசிக்கொண்டே போனேன். துரை கையில் குச்சியோடு அப்படியே நிறுத்திவிட்டார். மேஜையில் எடுத்துப் போடக் குச்சி இல்லை.

குச்சியைக் கீழே வைத்தார். காது சிவந்துகொண்டே வந்தது.

"இப்படிச் சொல்லும்படி உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை, ஐயா. நடந்ததுதான்."

"உனக்கு என்ன கொடுத்தார்கள்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் சொன்னதை அவர் நம்பினால், முப்பது பேர் பார்க்க வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவர் அவர் ஆகிவிடுவார். சொன்ன சொல் மாறாதவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது போவதைவிட மொழிபெயர்ப்பாளன் விலைபோய்விட்டான் என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அத்தனை நாளாக நான் பிழிந்தும் திரித்தும் சொன்னதை எல்லாம் குச்சி வைத்துச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டவர், நான் முதன்முதலாகச் சொன்ன முழு உண்மையை நம்பவில்லை.

ஆறு மாதம் என்று எழுதினார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

வராந்தாவில் இரைச்சல். அவர்கள் கண்ணால் பார்த்தது என்ன? ஒச்சப்பன் கொஞ்சம் பேசினார். சாயபு நீளமாகப் பேசினான். உடனே ஆறு மாதம் விழுந்தது.

"போட்டுக் குடுத்துட்டான்யா" என்று ஒருவர் கத்தினார். "ஒரு பேச்சுக்கு ஒம்பது பேச்சு பேசிக் கவுத்துட்டானே பாவி!"

அவர் கேட்டது

படியில் இறங்கும்போது என் மேல் ஒரு செருப்பு விழுந்தது. டவாலிச் சேவகர் என்னை இழுத்துப் பக்கத்து அறைக்குள் விட்டார். அங்கேதான் ஒச்சப்பனை விலங்கு போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"மாப்ள."

"மாமா."

"நான் சொன்னது அம்புட்டையும் சொன்னீங்களா?"

"சொன்னேன் மாமா. ஒரு சொல்லு விடல."

"அதுக்கும் பெறகு நெம்ப நேரம் பேசுனீங்களே. தொரை மொகமே மாறிப்போச்சு. அது என்ன பேச்சு மாப்ள?"

அறையில் நாங்கள் இருவரும் ஒரு போலீஸ்காரரும்தான். மொழிபெயர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. துரையிடம் சொன்னதையே எங்கள் பாஷையில் திரும்பச் சொன்னால் போதும். துரைக்கு அந்த வழக்கம் தெரியாது மாமா, நான்தான் சொல்லாமல் விட்டேன், என் வாசலில் நீங்கள் வந்து நின்றபோதும் சொல்லாமல் விட்டேன்.

இங்கிலீஷில் தடையில்லாமல் வந்தது தமிழில் வரவில்லை. என் வேலை போகும் என்று தெரிந்தே துரையிடம் சொன்னவன், இந்த மனிதர் முன்னால் பயந்தேன்.

"ஒங்களுக்காகத்தான் மாமா பேசுனேன். தொரை கேக்கல" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருப்பதும் அதனால்தான்.

அவர் விலங்குக் கையைத் தூக்கி என்னைக் கும்பிட்டார். பிறகு வாசல்பக்கம் திரும்பி, வெளியே நின்ற ஊருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏலேய், சாயபுவ ஒருத்தனும் ஒண்ணும் சொல்லக் கூடாது. நமக்காக வெள்ளக்காரன்ட்ட வாயத் தொறந்த ஒரே ஆளு அவருதான்."

இரைச்சல் அடங்கியது. நான் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

காது குத்து

அடுத்த வாரமே என்னை ரிக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். இனி மொழிபெயர்க்க வேண்டாம், நகல் எடுத்தால் போதும் என்று உத்தரவு. என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "உண்மையச் சொன்னீங்களாக்கும்? வேற என்னமோ இருக்கு" என்றாள். அவள் அளவில் கெட்டிக்காரிதான்.

ஆறு மாதம் கழித்து ஒச்சப்பன் வந்து அழைத்தார். மாமன் வெளியே வரும் வரை காது குத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை சீட்டு இருந்தது. நான் போனேன். எனக்காக எங்கள் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, ஓதி அறுத்து, தனிச்சட்டியில் கறி சமைத்திருந்தார்கள். பந்தியில் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எனக்காகத் தொரையோட மல்லுக்கட்டுனவரு" என்று காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். சட்டம் போன பிறகு சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரன் போன பிறகு சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கட்டுக் கரும்போடு என் வாசலில் வந்து நின்றார். ஒவ்வொரு பொங்கலும் அவர் போன பிறகு நான் யாரோடும் பேச மாட்டேன். ஒரு வருஷம் கரும்பு வரவில்லை. ஒச்சப்பன் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னான். போனேன். கேதத்து வீட்டிலும் கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது.

என்னை அத்தா நம்பவில்லை, துரை நம்பவில்லை, கட்டியவள் நம்பவில்லை. அவர்கள் எல்லோரும் ஓரளவு சரியாகத்தான் இருந்தார்கள். நம்பியவர் ஒருவர். அவர்தான் நம்பியிருக்கக் கூடாது.

போன மாதம் விளாங்குடியில் என் வீட்டு முகவரிக்குப் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு கடிதத்தை அனுப்பி வைத்திருந்தார்கள். வழக்கம்போல ஆசிரியர் வேலையோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவனியாபுரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. மணி மணியான கையெழுத்து. "ஐயா, உங்கள் தொடரை வாரந்தோறும் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். என் காது குத்து நின்றுபோன கதையை ஒச்சப்ப மாமா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவருக்காக வெள்ளைக்காரனை எதிர்த்து வாதாடிய சாயபு நீங்கள்தானே? அன்று நீங்கள் இங்கிலீஷில் என்ன பேசினீர்கள் என்று மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ரொம்ப ஆசை. தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்."

எழுதிவிட்டேன், தாயி. வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.